டீச்சரிடம் சொன்ன ஒரு ‘சரி’

அவளை எல்லோரும் மிஷின் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காது மந்தமானவர்களுக்குக் கேட்கும் கருவி பொருத்திக் கொடுக்கும் கடையில் இருபத்து மூன்று வருஷமாக வேலை. யாராவது “டாக்டரம்மா” என்று ஆரம்பித்தால், “ஐயோ, நான் டாக்டரெல்லாம் இல்லைங்க, வெறும் மிஷின்தான்” என்று கையை உதறுவாள். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. எழுபது வயதுக் கிழவர்கள்கூட அவளை அக்கா என்று கூப்பிட்டுவிட்டுப் பொக்கை வாயால் சிரிப்பார்கள்.

கடை இரண்டாம் மாடியில். முதல் மாடியில் மூக்குக்கண்ணாடிக் கடை. “கீழே கண்ணு, மேலே காது. மூக்குக்கு ஒருத்தன் கடை போட்டா மூஞ்சி முழுசாயிடும்” என்பது முதலாளியின் பழைய ஜோக். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். பாதிப் பேருக்கு அது கேட்காது. கேட்காதவர்கள்தான் அதிகமாகச் சிரிப்பார்கள்.

கடையின் பின்பக்கம் ஒரு சிறிய அறை இருந்தது. அதற்குப் பெட்டி என்று பெயர். உள்ளே ஒரு நாற்காலி, சுவர் முழுக்கத் துளை போட்ட பஞ்சுப் பலகை, ஃபிரிட்ஜ் கதவு மாதிரி கனமான கதவு, ஒரு கண்ணாடி ஜன்னல். கதவைச் சாத்தினால் தெருவே செத்துப்போன மாதிரி இருக்கும். வந்தவரை உள்ளே உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பாள். வெளியே அவள் மேஜைக்கு முன் உட்கார்ந்து சின்னச் சின்னச் சத்தங்களை அனுப்புவாள். கேட்டால் உள்ளே இருப்பவர் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினால் அவள் மேஜையில் பச்சை விளக்கு எரியும். அவ்வளவுதான் சோதனை.

சத்தமே அனுப்பாதபோதும் சிலர் அமுக்குவார்கள். அதற்கு அவள் வைத்த பெயர் பொய் அமுக்கு. கேட்கவில்லை என்று ஒத்துக்கொள்ள மனசில்லாதவர்கள், பரீட்சையில் தோற்றுவிடுவோமோ என்று பயப்படுகிறவர்கள், அவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். தாளில் ஒரு சிறிய புள்ளி வைத்துவிட்டு அடுத்த சத்தத்துக்குப் போவாள்.

டீச்சர் அந்தக் கடைக்கு வந்தது ஒன்பது வருஷத்துக்கு முன்னால். பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுத்தவர். புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்து நோயை விட்டுவிட்டுக் காதைத் தின்றுகொண்டிருந்தது. முதலில் மெல்லிய, உயர்ந்த சத்தங்கள் போயின. குருவி போனது, தொலைபேசி மணி போனது. பிறகு எட்டு வயது மகளின் குரல் தேய ஆரம்பித்தது. மகள் ஓயாமல் பேசுகிறவள். டீச்சர் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார். “ரேடியோ ஓடுது, வாய் அசையுது, எனக்கு ஸ்டேஷன்தான் கிடைக்க மாட்டேங்குது” என்று சொல்லிச் சிரித்தார். மிஷின் அக்காவும் சிரித்தாள். அன்று மதியம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை டீச்சர் வந்தார். ஒவ்வொரு முறையும் காது இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும்; அவள் கருவியை இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கொடுப்பாள். பழக்கம் சிநேகமாயிற்று. டீச்சர் அவளை நீ, வா, போ என்று பேசினார். அவள் கடைசி வரை டீச்சர் என்றே கூப்பிட்டாள்.

டீச்சர் பொய் அமுக்கு அமுக்குவார். கொஞ்சமில்லை, நிறைய.

“டீச்சர், நான் ஒண்ணும் அனுப்பலையே?”

“எனக்குக் கேட்டுச்சே.”

“என்ன கேட்டுச்சு?”

“பொண்ணு கூப்பிட்டா.”

கடைசியாக வந்த நாளில் சோதனை முடிந்தும் டீச்சர் எழுந்திருக்கவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். உள்ளே பேசினால் வெளியேயும், வெளியே பேசினால் உள்ளேயும் கேட்கிற மைக் திறந்திருந்தது.

“ஒண்ணு சொல்லட்டுமா? அவர்கிட்ட சொன்னா அழுவார். அதனால உன்கிட்ட சொல்றேன்.”

“சொல்லுங்க டீச்சர்.”

“நான் போயிடுவேன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. நான் எங்கேயும் போகப் போறதில்லை. இங்கேதான் இருப்பேன். என் பொண்ணும் இங்கேதான் இருக்கணும். தூரமா எங்கேயும் அனுப்பிடக் கூடாது. சரியா?”

“சரி டீச்சர்.”

“கேக்கலை. சத்தமா சொல்லு.”

“சரி!”

அவள் கத்தியது வரவேற்பு மேஜையில் இருந்த முதலாளிக்கே கேட்டது. நோயாளிகளிடம் ஒரு நாளைக்கு நாற்பது ‘சரி’ சொல்கிறவள் அவள். அதோடு இதுவும் ஒன்று என்று நினைத்தாள். இந்தப் பெண் குழந்தையை அனுப்பவோ நிறுத்தவோ தனக்கு எங்கிருந்து அதிகாரம் வரப்போகிறது? பதினோரு நாளில் டீச்சர் இறந்துபோனார்.

ஆறு மாதம் கழித்து, கணவர் அந்தக் கருவிகளைக் கைக்குட்டையில் பொதிந்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. மாடி மாடியாக மற்றவர்களை ஏற்றி இறக்குகிறவர், இரண்டு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி நின்றார். “இது யாருக்காவது உதவுமா?” என்று கேட்டார். ஒரு தச்சருக்கு உதவியது. அதைச் சொல்ல அவள் போன் செய்தாள். அவர் நன்றி சொல்ல வந்தார். பிறகு ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு வந்தார். கொஞ்ச நாளில் காரணம் தீர்ந்துபோயிற்று; ஆனாலும் வந்தார். அவளுக்கு முப்பத்தொன்பது வயது. வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை தேடுவதையே விட்டு ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. “‘ஆத்துல போற தண்ணி, யார் குடிச்சா என்ன’ன்னு இருந்துடாதே” என்று அவளுடைய அக்கா மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். ரேடியோவுக்குப் பத்து வயதானபோது கல்யாணம் நடந்தது.

சித்தி என்று வந்துவிட்டாலே ஊர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும். அவள் அடித்தாளா, சோறு போட்டாளா, தலை வாரினாளா என்று. பார்த்துப் பார்த்து ஊருக்கே அலுத்துவிட்டது. அவள் அந்த வீட்டில் ஒரு ஆணியைக்கூட இடம் மாற்றவில்லை. சமையலறையில் வரிசையாக டப்பாக்கள்; ஒவ்வொன்றிலும் டீச்சரின் உருண்டைக் கையெழுத்தில் சீட்டு. உப்பு என்று எழுதிய டப்பாவில் உப்பைத்தான் போட்டாள். சர்க்கரை தீர்ந்து ஒரு வாரம் ஆனாலும் அந்த டப்பாவில் வேறு எதையும் கொட்டவில்லை. டீச்சரின் மூக்குக்கண்ணாடி ஜன்னல் விளிம்பில் இருந்தது. அதைத் துடைத்து அதே இடத்தில், அதே சாய்வில் வைப்பாள். “உன் வீடும்மா இது” என்று லிஃப்ட்காரர் ஒரு முறை சொன்னார். அவளுக்கோ இன்னொருவர் வெளியே போயிருக்கும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவள் மாதிரியே இருந்தது. எப்போது வேண்டுமானாலும் திரும்பி வந்து, ‘எல்லாம் சரியா இருக்கா?’ என்று கேட்டுவிடுவார்கள் போல.

ரேடியோ பேச்சை நிறுத்தியிருந்தாள். கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. முதல் வருஷம் அவளை மிஷின் அக்கா என்றே கூப்பிட்டாள். ஒரு நாள் காய்ச்சலில் படுத்திருந்தவள், “சித்தி, தண்ணி” என்றாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு சித்திதான்.

பதினேழு வயதில் அந்தப் பெண் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் தலையைத் தூக்கி, “நான் மண்ணைப் பத்திப் படிக்கப் போறேன். வெளிநாட்டுல” என்றாள்.

“மண்ணையா?” என்றார் லிஃப்ட்காரர். “எங்க அப்பா என்னைப் பாத்து ‘மண்ணுதான் படிக்கப் போறே’ன்னு திட்டுவார். அதுக்குன்னு காலேஜே இருக்கா?”

இருந்தது. எத்தனையோ இருந்தன. அவர் வழக்கம்போல, “சித்தியும் பொண்ணுமா பாத்து முடிவு பண்ணுங்க. எனக்கு நாலு மாடிக்கு மேல தெரியாது” என்று ஒதுங்கிக்கொண்டார்.

மிஷின் அக்காவுக்கு மண்ணும் தெரியாது, வெளிநாடும் தெரியாது. ஆனால் ஒன்றைப் பொருத்திப் பார்க்கத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் மண்டபத்தில் நடந்த கல்விக் கண்காட்சிக்கு இருவரும் போனார்கள். கோட்டுப் போட்டவர்கள் வழவழப்பான புத்தகங்களை நீட்டினார்கள். எல்லாப் புத்தகத்திலும் ஒரே புல்தரை, அதில் ஒரே மாதிரி சிரிக்கிற பிள்ளைகள். “உலகத்துலேயே எத்தனாவது இடம் தெரியுமா மேடம்?” என்றார் ஒருவர்.

“அது இருக்கட்டுங்க,” என்றாள் அவள். “முதல் வருஷம் சேர்ந்த பிள்ளைங்கள்ல எத்தனை பேர் ரெண்டாம் வருஷமும் இருக்காங்க?”

அவர் புத்தகத்தைப் புரட்டினார். அதில் அது இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள்: “இருக்கறதுலேயே உசத்தியான மிஷினை வாங்கிட்டுப் போய் அலமாரியில பூட்டி வச்சவங்க எத்தனை பேரை நான் பாத்திருக்கேன் தெரியுமா? எது பெரிசுன்னு பாக்காதே. எதை மாட்டிக்கிட்டு நாள் முழுக்க உன்னால இருக்க முடியும்னு பாரு.”

 அன்று சாயங்காலம் ரேடியோ ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன பாடம், யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், தங்க முதல் வருஷம் அறை உண்டா, பிடிக்காவிட்டால் பாடம் மாற்றலாமா, உடம்புக்கு முடியாமல் போனால் யார் கதவைத் தட்டுவார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கடைசிக் கேள்வி சித்தி போட்டது. ஒரு மாதத்தில் பத்துக் கல்லூரி மூன்றாயிற்று. பெயர்கள் வாயில் நுழையாததால் வீட்டிலேயே பெயர் வைத்தார்கள். உலகமே அறிந்த பழைய பல்கலைக்கழகம் ஒன்று, அது ‘பேரு’. லிஃப்ட்காரரின் தங்கை குடும்பத்தோடு இருக்கிற ஊரில் ஒன்று, அது ‘அத்தை’. வடக்கே, வருஷத்தில் ஐந்து மாதம் பனி மூடியிருக்கிற ஒரு சின்ன ஊரில் ஒன்று, அது ‘குளிர்’. மூன்றிலும் தூரம் குளிர்தான். விமானம் இரண்டு மாறி, பிறகு ரயில்.

அந்த மூன்று பெயரையும் கடையில் மதிய நேரத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். பெட்டி காலியாக இருந்தது; கதவு சாத்தியிருந்தது. குளிர் என்று எழுதி முடித்தபோது மேஜையில் பச்சை விளக்கு எரிந்தது.

ஒரு வினாடிதான். அணைந்தது. அவள் எழுந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நாற்காலி. அதன் கைப்பிடியில் சுருட்டித் தொங்கவிட்ட வயர். அதன் நுனியில் பட்டன்.

வயர் பழசு என்று மாற்றினாள். மறுவாரம் மறுபடி எரிந்தது. பழுது பார்க்கிறவர் வந்து கழற்றி, ஊதி, மாட்டினார். “ஈரம் இறங்கியிருக்கும்க்கா. வேற ஒண்ணுமில்லை” என்றார். அவர் போன மூன்றாம் நாள், அவள் குளிரின் விண்ணப்பத்தில் பெற்றோர் என்ற இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். தாய் பெயர் என்ற கட்டத்தில் டீச்சரின் பெயரை எழுதி, பக்கத்தில் ‘இறந்துவிட்டார்’ என்று எழுதப் பேனாவை வைத்தாள். விளக்கு எரிந்தது. இந்த முறை உடனே அணையவில்லை. கட்டைவிரலை எடுக்காமல் ஒருவர் அமுக்கிப் பிடித்திருப்பது போல நின்று எரிந்தது.

நல்ல வெயில் நேரம். கீழே கண்ணாடிக் கடையில் யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் போய்ப் பெட்டியின் கதவைத் திறந்து, உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு முறைகூட அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை. தன் ரத்தம் ஓடுகிற சத்தம் அவளுக்கே கேட்டது.

“டீச்சர்?” என்றாள்.

சுவர் அந்தச் சொல்லைக் குடித்துவிட்டது. சொன்னோமா இல்லையா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. வெளியே வந்தபோது புடவை முதுகோடு ஒட்டியிருந்தது.

அதற்குப் பிறகு வீட்டிலும் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. டப்பாவைத் திறந்தால் டீச்சரின் கையெழுத்து அவளைப் பார்த்தது. ‘சத்தமா சொல்லு’ என்று சொன்ன குரல், காது கேட்காதவர்கள் பேசுகிற அந்த அளவு மீறிய குரல், பாத்திரம் கழுவும்போது முதுகுக்குப் பின்னால் நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார்கள்? மூத்தாள் பிடித்துக்கொண்டாள் என்பார்கள்.

பரீட்சை வந்தது. “சித்தி, பரீட்சை முடியற வரைக்கும் என் மெயிலை நீங்க பாருங்க,” என்றாள் ரேடியோ. “நல்ல சேதியா இருந்தா மட்டும் சொல்லுங்க. மத்தது அப்புறம்.”

செவ்வாய்க்கிழமை காலை குளிரிலிருந்து வந்தது. இடம் கொடுத்திருந்தார்கள். அடுத்த வெள்ளிக்குள், அதாவது பத்து நாளில், ஒப்புதல் சொல்ல வேண்டும். அவள் மூன்று முறை படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தாள். சாயங்காலம் அந்தப் பெண் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்; நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். வியாழக்கிழமை ‘அத்தை’யிலிருந்து வந்தது. அதை மட்டும் வாசலிலேயே நின்று சொன்னாள். லிஃப்ட்காரர் தங்கைக்குப் போன் போட்டார். வீடு அமர்க்களப்பட்டது.

“குளிர்ல இருந்து ஒண்ணும் வரலையா சித்தி?”

“இன்னும் இல்லைம்மா.”

சொன்ன மாத்திரத்தில் தாளில் ஒரு புள்ளி விழுந்தது மாதிரி இருந்தது. சனிக்கிழமை ‘பேரு’ மாட்டேன் என்று சொல்லிவிட்டது. அன்றைக்கும் அவள் குளிரைப் பற்றி வாய் திறக்கவில்லை. அத்தை ஊர் நல்ல ஊர்தான், சொந்தம் இருக்கிறது, நாலு மணி நேரத்தில் பறந்து வந்துவிடலாம் என்று தனக்குத்தானே எடுத்துச் சொல்லிக்கொண்டாள். அந்த வாரம் விளக்கு எரியவே இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

திங்கட்கிழமை கடைசிப் பரீட்சை. நாலரை மணிக்கு ரேடியோ பள்ளிச் சீருடையோடு நேரே கடைக்கு வந்தாள். அவள் கடைக்கு வந்தே வருஷங்கள் ஆகியிருந்தன. முதலாளி வழக்கமான ஜோக்கை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“சித்தி, அங்கே படிக்கிற அக்கா ஒருத்தங்ககிட்ட கேட்டேன். செவ்வாய்க்கிழமையே எல்லாருக்கும் அனுப்பிட்டாங்களாம்.”

மிஷின் அக்கா கையிலிருந்த துடைப்புத் துணியை மடித்தாள். விரித்தாள். மறுபடி மடித்தாள்.

“வந்துச்சு.”

“கிடைக்கலையா? பரீட்சை நேரத்துல மனசு கஷ்டப்படும்னுதான் சொல்லலையா? பரவாயில்லை சித்தி, அதுக்கு ஏன் இப்படி இருக்கீங்க?”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தப் பெண் தனக்காகச் சாக்குத் தேடிக் கொடுத்ததுதான் நெஞ்சைக் கிழித்தது.

“கிடைச்சிருக்கு,” என்றாள். “வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். நான்தான் மறைச்சேன்.”

“ஏன்?”

சொன்னாள். அந்த நாற்காலி, திறந்திருந்த மைக், அம்மா சொன்னது, தான் கத்தினது எல்லாம் சொன்னாள். விளக்கைப் பற்றியும் சொன்னாள். பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள்.  பிறகு வந்த குரல் அவளுக்கு அறிமுகமே இல்லாத குரலாக இருந்தது.

“மெயிலை மறைச்சதை விடுங்க. அது ஆறு நாள். இதை ஒன்பது வருஷமா வச்சிருந்தீங்களே. அம்மா என்னைப் பத்திப் பேசினது. அது என்னோடது சித்தி. உங்களோடது இல்லை.”

“தப்புதான்மா.”

“அம்மா உக்காந்தது எங்கே? அங்கேயா?”

பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போனாள். கனமான கதவு தானாகவே மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் நாற்காலியில் உட்கார்ந்து, தொங்கிய வயரை எடுத்து, பட்டனைக் கைக்குள் வைத்துக்கொண்டாள். எதிர்ச் சுவரைப் பார்த்தாள். உதடு அசைய ஆரம்பித்தது.

பேசினாள். நிறுத்தாமல் பேசினாள். கையை ஆட்டினாள், தலையை ஆட்டினாள், ஒரு முறை சிரித்தாள், அழுதாள், மூக்கைச் சீருடைக் கையில் துடைத்துக்கொண்டு மறுபடி பேசினாள். எட்டு வயதில் நின்றுபோனது எல்லாம் வந்துகொண்டிருந்தது. வெளியே ஒரு சத்தம் இல்லை. மேஜையில் மைக் சுவிட்ச் மிஷின் அக்காவின் விரலுக்குக் கீழே இருந்தது. தட்டினால் அத்தனையும் கேட்கும். விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பச்சை விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. அவள் ஒரு சத்தமும் அனுப்பவில்லை. பட்டன் அந்தப் பெண்ணின் கையில் இருந்தது. பேச்சின் வேகத்தில் கை இறுகித் தளர்ந்திருக்கலாம். அப்படித்தான் இருக்கும். ஆனால் பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, பட்டன் மடியில் கிடந்தபோதும் ஒரு முறை எரிந்தது. அதை மிஷின் அக்கா பார்த்தாள். பார்த்ததை இன்று வரை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில், டீ ஆறிக்கொண்டிருக்க, கணவரிடமும் டீச்சர் சொன்னதையும் மெயிலை மறைத்ததையும் சொன்னாள். லிஃப்ட்காரர் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“என்கிட்ட வேற மாதிரி சொன்னா,” என்றார்.

“என்ன சொன்னாங்க?”

“அவளை இந்த வீட்டுல வச்சுக்காதே. நான் இல்லாத வீட்டுல என் பொண்ணு வளரக் கூடாது. எங்கேயாவது ஹாஸ்டல்ல சேர்த்துடு, கண்காணாத இடத்துக்கு அனுப்பிடுன்னா. எனக்கு மனசு வரலை. அனுப்பலை. அதனாலதான் இவ இப்படி வாயே திறக்காம ஆயிட்டாளோன்னு எத்தனையோ நாள் நினைச்சிருக்கேன்.”

“அப்ப எதுதான் நிஜம்?”

“ரெண்டும்தான். காலையில ஒண்ணு சொல்லுவா, சாயங்காலம் ஒண்ணு சொல்லுவா. அந்த மருந்து அப்படி. பயம் அப்படி.”

ஒரே வீட்டில், ஒரே மேஜையில், ஒருவருக்கொருவர் தெரியாமல் டீச்சரின் இரண்டு சொல்லைச் சுமந்துகொண்டு ஏழு வருஷம் சாப்பிட்டிருக்கிறார்கள். ரேடியோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உங்க ரெண்டு பேர்கிட்டயும் அம்மா இவ்வளவு சொல்லியிருக்கா. என்கிட்ட கடைசியா என்ன சொன்னா தெரியுமா?”

லிஃப்ட்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“‘பல் தேய்ச்சியா’ன்னு கேட்டா. நான் தேய்க்கலை. தேய்ச்சேன்னு சொன்னேன்.”

லிஃப்ட்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு மூன்று பேருமே சிரித்தார்கள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாயிற்று என்று சொல்ல முடியாது.

முடிவை அவசரப்படுத்த வேண்டாம், வியாழன் வரை பார்க்கலாம் என்றாள் மிஷின் அக்கா. நோட்டை மறுபடி எடுத்தார்கள். இரண்டு பெயர், எல்லாக் கட்டமும். அத்தை ஊரில் முதல் இரண்டு வருஷம் வகுப்புக்குள்ளேயே பாடம். குளிரில் முதல் வருஷமே பிள்ளைகளைக் காட்டுக்கும் வயலுக்கும் கூட்டிப்போய்க் குழி வெட்ட வைத்து, மண்ணை அடுக்கடுக்காகப் பார்க்கச் சொல்கிறார்கள். பனிக்காலத்தில்? பனிக்காலத்தில் வெட்டியதை உள்ளே வைத்துப் பார்ப்பார்கள். உடம்புக்கு முடியாவிட்டால் யார் கதவைத் தட்டுவார்கள் என்ற கட்டம் குளிருக்கு நேரே காலியாகவே இருந்தது. மிஷின் அக்கா அந்த ஊரில் படிக்கிற பெண்ணைப் போனில் பிடித்து நேராகவே கேட்டாள். “மாடிக்கு ஒரு மூத்த மாணவர் இருப்பாங்க. நான்தான் எங்க மாடிக்கு. இவளை என் மாடியிலேயே கேட்டு வாங்கிக்கறேன் ஆன்ட்டி” என்றாள் அவள். கட்டம் நிரம்பியது.

“குழி வெட்டறதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா? நம்ம தெருவுலதான் வாரத்துக்கு ஒண்ணு வெட்டறாங்களே,” என்றார் அப்பா.

“எனக்கு அதுதான் வேணும்ப்பா,” என்றாள் ரேடியோ. “அம்மா போகச் சொன்னதுக்காகவும் இல்லை, போகக் கூடாதுன்னு சொன்னதுக்காகவும் இல்லை.”

வியாழக்கிழமை மதியம் ஒப்புதல் போயிற்று. அனுப்பும் பட்டனை, “நீங்களே அமுக்குங்க சித்தி” என்றாள். மிஷின் அக்கா விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அமுக்கினாள்.

விளக்கு அதற்குப் பிறகும் எரிந்ததா என்று கேட்டால், எரிந்தது. இரண்டு முறை. அந்த வருஷக் கடைசியில் முதலாளி புதுக் கருவி வாங்கி, பழையதை ஒரு தொழிற்பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். புதியதில் பச்சை விளக்கே கிடையாது, திரையில் ஒரு கோடுதான். அந்தத் தொழிற்பள்ளிக்காரர்களிடம் விசாரிக்க வேண்டும் என்று அவளுக்குச் சில சமயம் தோன்றும். விசாரிக்கவில்லை.

ரேடியோ ஆவணி வெயிலில் கம்பளிக் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். விமான நிலையக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். சித்தியிடம் வந்து, ஒன்றும் சொல்லாமல், அவள் காதோரம் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டுப் போனாள். அங்கே போய்ப் பேச ஆரம்பித்திருக்கிறாள். வாரம் இரண்டு முறை கூப்பிடுகிறாள். ஒரு மணி நேரம் மண்ணைப் பற்றிப் பேசுகிறாள். முதல் பனியில் காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்தாள்; மாடிக்காரப் பெண் கதவைத் தட்டினாள். அத்தை ஊரில் இருந்திருந்தால் இன்னும் நல்ல கவனிப்பு கிடைத்திருக்குமோ என்று மிஷின் அக்கா அந்த நாலு நாளும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள். சரியாகத்தான் செய்தோமா என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.

வீடு அவர்கள் இருவருக்கும் பெரியதாகிவிட்டது. ஒரு நாள் லிஃப்ட்காரர் சீக்கிரமே வேலை முடிந்து வந்திருந்தார். இருவரும் முன்னறையில் உட்கார்ந்து ஒரு மின்சார பில்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மணி நாலே முக்கால்; ரேடியோ பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்த நேரம். படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. கடைசி இரண்டு படியை ஒன்றாகத் தாவும் சத்தம். பிறகு வாசலில் செருப்பைக் கழற்றி விடும் சத்தம்.

அவள் பேச்சை நிறுத்தினாள். அவரும் நிறுத்தினார்.

“உனக்கும் கேட்டுச்சா?” என்றார்.

“ம்.”

“தினமும் கேக்குதா?”

“நீங்க இல்லாதப்ப. இந்த நேரத்துக்கு.”

அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவ நல்லாத்தானே இருக்கா?” என்றார்.

“நல்லா இருக்கா. காலையிலதான் பேசினேன்.”

“அப்புறம் என்ன,” என்றார் அவர். ஆனால் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். அங்கே என்ன நேரம் என்றுகூடப் பார்க்கவில்லை. நாலாவது மணியில் எடுத்துவிட்டாள்.

“என்னப்பா, என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லைம்மா,” என்றார். “சும்மாதான். பேசு.”